மலைக்கோயில் படத்தில் நிற்கும் மசுயே

எங்கள் பள்ளத்தாக்கில் ஒனுமா மசுயேவுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று சொல்கிறவள் நான் ஒருத்திதான். வேறு யாரைக் கேட்டாலும், "ஏன் ஆகல? மலைக்கோயில்ல போய்ப் பாருங்க, புருஷன் பக்கத்துல நிக்கறா" என்பார்கள். போய்ப் பார்த்தால் நிற்கத்தான் நிற்கிறாள். வெள்ளைப் பட்டு கிமோனோ, தலையில் வெள்ளைக் கட்டு, கையில் மடித்த விசிறி. பக்கத்தில் கறுப்பு கிமோனோவில் தொகாஷி வீட்டு எய்கிச்சி. அவன் செத்துப்போன பிறகு நடந்த கல்யாணம் அது. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் நடந்த கல்யாணம். இதைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு வயிறு எரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நான் சொல்லாவிட்டால் ஊர் சொல்கிறதுதான் நிலைத்துவிடும்.

நான் இந்த ஊரில் பெர்ம் கடை வைத்திருக்கிறவள். தலை அலசுவது, வெட்டுவது, சுருட்டை வைப்பது தினப் பிழைப்பு. கல்யாணம் வந்தால் பெண்ணுக்கு வெள்ளைப் பொடி பூசி, கொண்டை வைத்து, உடுத்திவிடுவதும் நான்தான். பெண்பிள்ளைக்குக் கொம்பு முளைக்குமாம், அதை மறைக்கத்தான் கல்யாணப் பெண்ணுக்குத் தலையில் அந்த வெள்ளைக் கட்டாம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தலையைப் பார்த்துவிட்டேன், ஒரு கொம்பும் என் கையில் தட்டுப்படவில்லை. மாமியார்கள் தலையில் வேண்டுமானால் தேடிப் பார்க்கலாம். மசுயே பள்ளிக்கூடம் முடித்த கையோடு என்னிடம் வேலைக்கு வந்தவள். அம்மா அப்பா இல்லை. அண்ணன், அண்ணி, அவர்களுடைய செர்ரித் தோப்பு, அவ்வளவுதான். அதிகம் பேச மாட்டாள். அவளிடம் தலையைக் கொடுத்தவர்கள் அலசி முடிப்பதற்குள் தூங்கிவிடுவார்கள்.

அப்போது ஊரில் கல்யாணம் பேசி முடிப்பவள் கருபே அம்மா. கல்யாண வயதில் ஒரு பையனோ பெண்ணோ சும்மா இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. ஒருநாள் தலையில் சுருட்டை உருளைகளோடு என் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மசுயேவுக்கு என்ன வயசாச்சு?"

"இருபத்திரண்டு" என்றேன்.

"இருபத்திரண்டா! இன்னும் ஊரான் தலையை அலசிக்கிட்டா இருக்கா? நீ இவளை விடமாட்ட போலிருக்கே. தொகாஷி யோனேவோட பையன் இருக்கான். ஒரே பிள்ளை. அப்பன் இல்ல. வாய் பேசாது, வேலைதான் பேசும். இவளுக்கு அதுதான் சரி."

படம் எடுக்கச் சொன்னாள். என் கடையில் இருந்ததிலேயே நல்ல கிமோனோவை, கொக்குகள் பறக்கிற நீலப் பட்டை, நானே மசுயேவுக்கு உடுத்தி, கொண்டை வைத்து, ஸ்டூடியோவுக்கு அழைத்துக்கொண்டு போனேன். தடித்த அட்டைக்குள் வைத்து, அந்தப் படம் கருபே அம்மா கையால் தொகாஷி வீட்டுக்குப் போனது. பேச்சு கூடிவந்தால் படம் அங்கேயே இருக்கலாம். தட்டிப்போனால் போன வழியாகவே திரும்பி வந்துவிட வேண்டும். ஆகாத வீட்டில் ஒரு பெண்ணின் முகம் தங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

அறுவடை முடிந்து, ஆண்கள் டோக்கியோவுக்குப் பனிக்காலக் கூலிக்குப் போவதற்கு முன், கருபே அம்மா வீட்டில் பெண் பார்த்தார்கள். மசுயேவுக்கு அம்மா இல்லாததால் அண்ணனோடு நானும் போய் உட்கார்ந்தேன். பெண் தேநீர் கொண்டுவந்து வைப்பாள். பையனுக்குப் பிடித்திருந்தால் கோப்பையைக் காலி செய்வான். பிடிக்கவில்லையென்றால் உதட்டை மட்டும் நனைத்துவிட்டுக் கீழே வைப்பான். யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எய்கிச்சி என்ன செய்தான் தெரியுமா? கொதிக்கக் கொதிக்க ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கண்ணில் தண்ணீரோடு கோப்பையை மசுயே பக்கம் நீட்டினான்.

"இன்னொண்ணு கிடைக்குமா?"

கருபே அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒண்ணே போதும்டா! சம்மதம்னு எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு."

"இல்லம்மா, நிஜமாவே தாகம்."

அவன் அம்மா யோனே அவன் தொடையில் கிள்ளினாள். மசுயே தலையைக் குனிந்தபடியே இரண்டாவது கோப்பையை ஊற்றினாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து நான் பயந்துபோனேன், அழுகிறாளோ என்று. சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார்கள். கூரை விளிம்பில் முள்ளங்கி காயப்போட்டிருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார்கள். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் விடாமல் கேட்டேன்.

"என்னடி பேசினான்?"

"ஒண்ணும் பேசல அக்கா. 'உங்க வீட்டுக் கூரையில பனி தள்ள ஏணி இருக்கா'ன்னு கேட்டார்."

"அதுக்கு நீ?"

"இருக்குன்னேன்."

"கடவுளே! ஏணியை விசாரிச்சுக் கல்யாணம் பண்றவனை இப்பதான் பார்க்கறேன்."

"சிரிக்காதீங்க. எனக்கு நல்லா இருந்தது" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வசந்தத்தில் அவன் திரும்பி வந்ததும் சீர் கொடுத்து நிச்சயம் செய்வது என்று பேசி வைத்தார்கள். சீர் கைமாறுகிறவரைக்கும் எங்கள் ஊரில் எதுவும் இல்லை. கடிதம் போட மாட்டார்கள், ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கேட்டால், பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பார்கள்.

தை மாதக் கடைசியில், டோக்கியோவில் பூமிக்கடியில் ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிய இடத்தில் மண் சரிந்தது. எய்கிச்சியை ஒரு லாரியில் வைத்து, கொட்டுகிற பனியில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வருஷம் பனி, ஜன்னல் உயரத்துக்கு இருந்தது. மசுயே கடையில் ஒரு கிழவிக்குத் தலை அலசிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. அலசி முடித்து, துவட்டி, சீவிவிட்டு, அதற்குப் பிறகுதான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எரித்த பிறகு எலும்பு எடுக்கிற சடங்குக்கு என்னிடம் கறுப்பு கிமோனோ கேட்டு வாங்கி உடுத்திக்கொண்டு வந்தாள். சுடுகாட்டுக் கூடத்தில் சொந்தக்காரர்கள் மேஜையைச் சுற்றி நின்று, இரண்டிரண்டு பேராக, நீளக் குச்சிகளால் ஒரு எலும்பைச் சேர்ந்து தூக்கிக் குடுவையில் போட்டார்கள். குச்சிகள் கைமாறி மாறி வந்தன. மசுயேவுக்கு முன்னால் வந்ததும் அவள் கையை நீட்டினாள். யோனே குச்சிகளை இழுத்துக்கொண்டாள்.

"நிச்சயம் ஆகாத பொண்ணு. எங்களுக்கு இவ யாருமில்ல. பின்னாடி போகட்டும்."

கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. மசுயே நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, பின்னால் கதவோரம் அண்டை வீட்டுக்காரர்கள் நின்ற இடத்துக்குப் போய் நின்றாள். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கு அது நல்லதாகவே பட்டது. எலும்பைத் தொடாத பெண்ணுக்கு நாளைக்கு வேறு இடம் பார்க்கலாம், ஊர் ஒன்றும் சொல்லாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு அன்று ராத்திரி சோறு எனக்கு இறங்கவில்லை.

ஸ்டூடியோ படத்தைக் கருபே அம்மா அப்போதே திருப்பி வாங்கியிருக்க வேண்டும். எழவு வீட்டில் போய் எப்படிக் கேட்பது என்று தயங்கினாள். துக்கம் காக்கிற நாற்பத்தொன்பது நாள் போகட்டும் என்றாள். அது போனதும், பனி உருகட்டும் என்றாள். பிறகு, முதல் வருஷத் திதி முடியட்டும் என்றாள். மரியாதை மரியாதை என்று சொல்லியே அந்தப் பெண்ணின் தலையில் கல்லைப் போட்டாள், பாவம்.

கல்யாணம் ஆகாமல் செத்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒன்று செய்வார்கள். கல்யாணக் கோலத்தில் படம் வரையச் சொல்லி மலைக்கோயிலில் மாட்டுவார்கள். போரில் செத்தவன், ஆற்றில் போனவன், பால்குடியில் போன குழந்தை, எல்லோரும் அங்கே வளர்ந்து ஆளாகிப் புருஷன் பெண்டாட்டியாக நிற்கிறார்கள். அதில் ஒரே ஒரு விதிதான். சேர்த்து வரைகிற முகமும் பெயரும் கற்பனையாக இருக்க வேண்டும். உயிரோடு இருக்கிற ஆளை வரையவே கூடாது. வரைந்தால் செத்தவன் அந்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வான்.

யோனே மசுயேவின் படத்தை எடுத்துக்கொண்டு, முன்பு சினிமாக் கொட்டகைக்கு விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஓவியரிடம் போனாள். "இது யாரும்மா?" என்று அவர் கேட்டிருக்கிறார். "என் பையனுக்குப் பார்த்திருந்த பொண்ணு. இவளும் காய்ச்சல்ல போயிட்டா" என்றிருக்கிறாள். அந்த மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரைந்துகொடுத்தார்.

இது எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், அடுத்த வருஷம் கருபே அம்மா மசுயேவுக்கு வேறு இடம் பேசினாள். பக்கத்து டவுனில் தபாலாபீஸ் வேலை, கன்னோ என்று பெயர், நல்ல பையன். வழக்கம்போல் அவனுடைய அத்தை பெண்ணைப் பற்றி விசாரிக்க ஊருக்கு வந்தாள். டோஃபு கடையில் விசாரித்தாள், அரிசிக் கடையில் விசாரித்தாள், கடைசியில் என் கடைக்கு வந்து முடி வெட்டச் சொல்லி உட்கார்ந்தாள். நான் மசுயேவைத் தூக்கி உச்சாணிக் கொம்பில் வைத்தேன். அத்தை முகம் மலர்ந்து எழுந்து போனாள். போகிற வழியில் மலைக்கோயிலையும் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று ஏறியிருக்கிறாள்.

இரண்டு நாளில், கன்னோ வீட்டுக்கென்று புதிதாக எடுத்துக் கொடுத்திருந்த மசுயேவின் படம் திரும்பி வந்தது. "இவ்வளவு நல்ல பெண்ணுக்கு எங்கள் வீடு தகுதி போதாது" என்று சேதி. வேண்டாம் என்பதை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் காரணம் என்ன? நான் அந்த அத்தையைத் தேடிப் போய் வாசலில் நின்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அவ உயிரோட இருக்கறவளா செத்தவளான்னே எனக்குத் தெரியல. நான் எப்படி எங்க பையனுக்குக் கேக்கறது? கோயில்ல போய்ப் பாருங்க. பேரும் எழுதியிருக்கு."

மசுயே, கருபே அம்மா, நான் மூன்று பேரும் மலை ஏறினோம். இருட்டான மண்டபத்தில் சுவரில் இடமில்லாமல் உத்திரம்வரைக்கும் படங்கள். கருபே அம்மாதான் முதலில் பார்த்தாள், பார்த்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வைத்துவிட்ட கொண்டை வெள்ளைக் கட்டுக்கடியில் தெரிந்தது. கொக்குப் பட்டை மட்டும் வெள்ளையாக்கியிருந்தார் ஓவியர். கீழே, "மசுயே, இருபத்திரண்டு." மசுயே தன் முகத்தைப் பார்க்கவில்லை. எய்கிச்சியின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெண்டாட்டி பிள்ளையோடு கோயிலிலேயே குடியிருந்த பிக்குவிடம் போய்ச் சண்டை போட்டேன். பாவம், நல்ல மனுஷன், கையைப் பிசைந்தார்.

"காணிக்கையா வந்ததை நாங்களா இறக்க முடியாதும்மா. மாட்டினவங்க சொல்லணும். அவங்க காலத்துக்கப்புறம்னா அந்த வீட்டு ஆள் யாராவது வந்து சொல்லணும். இறந்துபோனவர் சம்பந்தப்பட்ட விஷயம், வேற யாரும் கை வைக்கக் கூடாது."

அங்கிருந்து நேராகத் தொகாஷி வீட்டுக்குப் போனோம். யோனே எங்களை உள்ளே கூப்பிட்டு, தேநீர் வைத்தாள். கருபே அம்மா பாயில் நெற்றியை முட்டிக்கொண்டாள். "தப்பு என்னுது, படத்தை அப்பவே வாங்கியிருக்கணும், மன்னிச்சு இறக்கச் சொல்லுங்க" என்று அழுதாள்.

யோனே அசையவில்லை. "கனவுல வந்தான். மேலெல்லாம் மண்ணு. உள்ள வாடான்னா வரல. 'எல்லாரும் ஜோடி ஜோடியா இருக்காங்க, நான் மட்டும் நிக்கறேம்மா'ன்னான்."

"அதுக்காக உசிரோட இருக்கறவளைப் புடிச்சு நிக்கவைப்பாங்களா?" என்றேன். "கற்பனை முகமா இருக்கணும்னு ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"தெரியாத மூஞ்சியோட அவன் எப்படிக் குடும்பம் நடத்துவான்? வாயில்லாத பிள்ளை. இது அவன் பார்த்த மூஞ்சி, பிடிச்ச மூஞ்சி. ரெண்டு கப் குடிச்சானே."

மசுயே தலை நிமிர்ந்தாள். "எலும்பு எடுக்க வந்தப்ப, நான் யாருமில்லன்னு சொன்னீங்க."

"அன்னிக்கு நீ யாருமில்லதான்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு நீ என் மருமக."

"இறக்கச் சொல்லுங்கம்மா. எனக்கு இன்னும் வாழ்க்கை இருக்கு."

"அவனுக்கு இல்லையே" என்றாள் யோனே. தேநீர் அப்படியே ஆறிப்போனது. மசுயே அதில் உதட்டைக்கூட நனைக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் ஓவியர் என் கடைக்கு ஓடிவந்து, எல்லோர் முன்னாலும் மசுயே காலடியில் மண்டியிட்டார். "ராத்திரியோட ராத்திரியா போய் முகத்தை அழிச்சிடறேன் தாயி" என்றார். அவள் வேண்டாம் என்றாள். திருட்டுத்தனமாக அழித்தால், அவளே செய்யச் சொன்னாள் என்று ஊர் அதற்கும் ஒரு கதை கட்டும் என்று அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகும் பேச்சுகள் வந்தன. ஒவ்வொன்றும் மலைக்கோயில்வரை போய்த் திரும்பியது. பெண்டாட்டி செத்தவன், காது கேட்காதவன், கடைசியில் ஒரு கிழவன்கூட அவளை வேண்டாம் என்றான். "ஒருத்தனாவது என் மூஞ்சியைப் பார்த்து வேண்டாம்னு சொல்லட்டும் அக்கா. எல்லாரும் படத்தைப் பார்த்துல்ல சொல்றாங்க" என்றாள் ஒருநாள். கருபே அம்மா அதோடு கல்யாணம் பேசுவதையே விட்டுவிட்டாள். மனசு நொந்தே செத்தாள் என்பேன்.

ஒரு தடவை மசுயேவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்து படுத்தாள். "எய்கிச்சி கூப்பிட்டுட்டான்" என்று ஊரே காத்திருந்தது. அவள் பிழைத்து எழுந்து வந்து கடை ஷட்டரைத் தூக்கியபோது சில பேருக்கு ஏமாற்றம்தான். வெட்கங்கெட்டவர்கள். அவர்கள் தலையையும் இவள்தான் அலசினாள்.

புத்தாண்டுக்குப் புத்தாண்டு யோனே "மருமகளுக்கு" என்று சொல்லி அரிசிக் கொழுக்கட்டை அனுப்புவாள். மசுயே அதைத் தொடாமல் எடுத்துக்கொண்டு போய்த் தொகாஷி வீட்டு வாசல் படியில் வைத்துவிட்டு வருவாள். "கொழுக்கட்டை என்னடி பாவம் பண்ணுச்சு?" என்று நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன். "அதைத் தின்னா நான் அந்த வீட்டுச் சோறு தின்னவ ஆயிடுவேன்" என்பாள். வருஷங்கள் அப்படியே போயின. அவள் தலை நரைத்தது. சாயம் போடுகிறேன் என்றால் விட மாட்டாள்.

யோனே படுக்கையில் விழுந்தபோது ஊர்த் தலைவர் இமானோ கடைக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சை இழுத்தார்.

"அந்தம்மாவைப் பார்த்துக்க ஆள் இல்ல. மருமக இருக்கும்போது வெளியாளைத் தேடறது..."

"எந்த மருமக? யார் மருமக?" என்று கத்தரிக்கோலோடு எழுந்தேன். மசுயே என் கையைப் பிடித்தாள்.

"மருமகளாப் போகமாட்டேன். தலை அலச ஆள் வேணும்னா, பெர்ம் கடையிலேருந்து போறேன்."

சொன்னபடியே, எங்கள் கடையின் வெள்ளை மேலங்கியை மாட்டிக்கொண்டுதான் போவாள். தலை அலசுவாள், நகம் வெட்டுவாள், உடம்பைத் துடைப்பாள். அதெல்லாம் பெர்ம் கடை வேலையா என்று கேட்டால் மேலங்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். போகும்போதெல்லாம் ஒரே கேள்வி. "படத்தை இறக்கச் சொல்றீங்களா?" யோனே கண்ணை மூடிக்கொள்வாள்.

ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். தலைக்கு வெந்நீர் ஊற்றும்போது மசுயே அதையே மறுபடி கேட்டாள். கிழவி கண்ணைத் திறந்தாள்.

"நான் போனப்புறம் நீயே இறக்கிக்கோ. எலும்பை எடு. எடுத்தா வீட்டு ஆளாயிடுவ. அப்புறம் உன் இஷ்டம்."

"உசிரோட இருக்கறப்பவே ஒரு வார்த்தை சொல்லுங்களேன்மா."

"சொல்லிட்டா நீ வரமாட்டியே."

மசுயே மிச்ச நுரையை அலசினாள். என்னைப் பொறுத்தவரை, அந்த ஒரு வார்த்தைக்காகக் கிழவியின் முகத்தில் வாளித் தண்ணீரையும் கொட்டியிருப்பேன். ஆனால் அவள் அங்கே தனியாகக் கிடப்பதை நினைத்தால் எனக்குப் பரிதாபமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று கேட்காதீர்கள், வந்தது.

செர்ரி பூக்கிற சமயத்தில் யோனே போய்ச் சேர்ந்தாள். சுடுகாட்டுக் கூடத்தைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பளபளவென்று தரை. சொந்தம் என்று சொல்லிக்கொள்ளத் தூரத்து உறவு இரண்டு பேர். ஊர்க்காரர்கள் நாங்கள் கொஞ்சம் பேர். மசுயே வெள்ளை மேலங்கியில் இல்லை, என் கறுப்பு கிமோனோவில் வந்திருந்தாள். அதே பழைய கிமோனோ. எலும்பு கிடந்த தட்டை உலையிலிருந்து வெளியே இழுத்தார்கள். இமானோ நீளக் குச்சிகளை எடுத்து, இரண்டு கையாலும் மரியாதையாக மசுயேவிடம் நீட்டினார்.

"மருமக முதல்ல எடுக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. எல்லோரும் வழிவிட்டு நின்றார்கள். மலைக்கோயில் பிக்கு, இப்போது பழையவரின் மகன், மெதுவாக அவள் பக்கம் குனிந்தார்.

"எடுங்கம்மா. அப்பா எனக்கு எல்லாம் சொல்லியிருக்கார். நீங்க எடுத்துட்டா அந்த வீட்டு ஆள் நீங்கதான். நாளைக்கே வாங்க, நானே ஏணி போட்டு இறக்கித் தர்றேன்."

இத்தனை வருஷம் கேட்டது இதோ கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது. ஒரு எலும்பு. ஒரே ஒரு எலும்பைத் தூக்கிக் குடுவையில் போட வேண்டும். எடுடி, எடுடி என்று மனசுக்குள் கத்தினேன்.

மசுயே குச்சிகளை வாங்கினாள். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மேஜை விளிம்பில், இரண்டின் நுனியும் ஒன்றாக இருக்கும்படி சேர்த்து வைத்தாள்.

"நிச்சயம் ஆகாத பொண்ணு நான். இவங்களுக்கு நான் யாருமில்ல. பின்னாடி போறேன்" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது. நடந்து போய்க் கதவோரம் அண்டை வீட்டுக்காரர்களோடு நின்றுகொண்டாள். குச்சிகளை யாரும் தொடவில்லை. கடைசியில் நானும் இமானோவுமாக எடுத்தோம். தொண்டை எலும்பை மிக நெருங்கிய ஆள்தான் எடுக்க வேண்டும். அதையும் நாங்களே எடுத்தோம்.

காரில் திரும்பும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"ஏன்டி! உனக்கு என்ன கேடு? ஒரு நிமிஷம் மருமகள்னு தலையாட்டியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்குமே! அந்தப் படம் இறங்கியிருக்குமே!"

"மருமகள்னு ஒத்துக்கிட்டு இறக்கினா, அவங்க சொன்னதுதான் நிஜம்னு ஆயிடும் அக்கா. இத்தனை வருஷம் இல்ல இல்லன்னு சொன்னேனே, அது யாருக்காக?"

"யாருக்காக? இனிமே யாருடி உன்னைக் கேக்கப் போறாங்க?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய அண்ணன் தோப்பில் செர்ரி பூத்துக் கிடந்தது.

"படத்துல இருக்கறது அவர் இல்ல, தெரியுமா? அவருக்கு இடது புருவத்துல ஒரு வெட்டு. டீ குடிக்கறப்ப பார்த்தேன். வரைஞ்சவருக்கு அது தெரியல, அவங்க அம்மாவும் சொல்லல போலிருக்கு. நான் அங்க யாரோ ஒருத்தர் பக்கத்துல நிக்கறேன்."

இவ்வளவு வருஷத்தில் அவனைப் பற்றி அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"அவர் எலும்பை எடுக்க விட்டிருந்தாங்கன்னா," என்றாள், "காலம் பூரா அவருக்குப் பொண்டாட்டியா இருந்திருப்பேன் அக்கா. படமே வேண்டியிருந்திருக்காது."

நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அவள் அழவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல் வந்து ஷட்டரைத் தூக்கி, வெந்நீர் வைத்தாள். இப்போது தொகாஷி வீட்டில் ஆள் யாரும் இல்லை, இறக்கச் சொல்லவும் யாரும் இல்லை. படம் மலைக்கோயிலில் அங்கேயேதான் இருக்கிறது.